நாற்பது கிளாஸுக்கு எத்தனை கரண்டி?

வெள்ளைத்துரையின் டீயைக் குறை சொல்ல செல்லூரில் இன்னும் ஆள் பிறக்கவில்லை என்று போன வாரம் எழுதியிருந்தேன். இந்த வாரம் அதை நானே திருத்திக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. பிறந்துவிட்டான். அவன் பெயர் சங்கிலி.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. தறிக்காரச் சங்கிலி வழக்கம்போல வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். வெள்ளைத்துரை நீட்டிய கிளாஸை வாங்கி ஒரு வாய் குடித்தான். பிறகு கிளாஸுக்குள் எட்டிப் பார்த்தான்.

"என்னண்ணே, எனக்குக் காய்ச்சல்னு யாரும் சொன்னாங்களா?"

"ஏன்டா?"

"இல்ல, கஞ்சித்தண்ணி கணக்கா இருக்கே. அதான் கேட்டேன்."

பெஞ்சில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். வெள்ளைத்துரை சிரிக்கவில்லை. அந்தச் சந்தில் இருபது வருஷமாக டீ போடுகிறவர். தறிச் சத்தத்தில் காது அடைத்துப் போய் வருகிறவனுக்கு எவ்வளவு ஸ்ட்ராங், ராத்திரி ஷிப்டு முடித்துத் தூங்கப் போகிறவனுக்கு எவ்வளவு லைட் என்று முகத்தைப் பார்த்தே போடுவார். அவருக்கே அந்த டீ பிடிக்கவில்லை என்பதுதான் உண்மை.

விஷயம் இதுதான். கடை இருக்கும் இடத்தில் விசைத்தறிக் கொட்டகை வரப்போகிறது. மாசக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். இன்னும் பதினொரு நாள். இந்த நிலைமையில், பசுமலையில் டீச்சர் டிரெய்னிங் படிக்கும் மகள் செல்லக்கிளி ஒரு வழி விசாரித்துச் சொல்லியிருந்தாள். நாகமலை புதுக்கோட்டையில் வேலை பார்க்கும் பெண்களுக்காகப் புதிதாக ஒரு விடுதி. அங்கே டீ போட்டுக் கொடுக்க ஆள் தேடுகிறார்கள்.

விடுதியைக் கவனித்துக்கொள்கிற அழகம்மாள் டீச்சரை வெள்ளைத்துரை போய்ப் பார்த்தார். "ஞாயிறு சாயங்காலம் வந்து நாற்பது பேருக்கு டீ போட்டுக் காட்டுங்க" என்று சொன்ன டீச்சர், கையில் ஒரு கால் கிலோ பொட்டலத்தையும் கொடுத்து அனுப்பினார். விடுதிக்காரர்களுக்கு மலையில் தோட்டம் இருக்கிறதாம். அதனால் அங்கே டீத்தூள் கிடையாது. முழு இலைத் தேயிலை. காலையில் சங்கிலி குடித்தது அதில் போட்ட டீதான்.

கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. அவருடைய அக்கா ஒச்சாயி. செக்கானூரணிப் பக்கத்துக் கிராமத்தில் மூன்று ஏக்கர் நிலத்தைத் தனி ஆளாகக் கட்டி ஆள்கிறவள். வெள்ளிக்கிழமையே மஞ்சள் பையோடு வந்து இறங்கிவிட்டாள். "எச்சிக் கிளாஸு கழுவுனது போதும். கூட வந்து வயலைப் பாரு" என்பது அவள் கட்சி.

அந்த வயலில்தான், இருபது வருஷத்துக்கு முன்னால், ஒச்சாயியின் புருஷன் பத்துப் பேர் முன்னிலையில் வெள்ளைத்துரையைச் "சோத்துக்கு வந்தவன்" என்று சொன்னார். அன்றைக்கு வரப்பை விட்டு இறங்கியவர் பிறகு அந்தப் பக்கம் கால் வைக்கவில்லை. சொன்ன மனுஷன் செத்துப்போய் ஆறு வருஷம் ஆகிறது. சொன்ன சொல் சாகவில்லை.

இது வெள்ளைத்துரையின் மனைவி முத்துத்தாய்க்குத் தெரியும். தன் புருஷன் தலையைக் குனிந்துகொண்டு அந்த வரப்பில் திரும்ப ஏறக்கூடாது. அவளுக்கு இன்றைய டீ என்றால் இவ்வளவுதான் அர்த்தம்.

சங்கிலி போனதும் வெள்ளைத்துரை விட்டதைப் பிடிக்கப் பார்த்தார். அவருடைய பித்தளைக் கரண்டியில் தலை தட்டி ஒரு கரண்டி டீத்தூள் போட்டால் இரண்டு கிளாஸ் டீ. இருபது வருஷமாக மாறாத அளவு. அதே அளவில்தான் இலையையும் துணிப் பையில் போட்டு வெந்நீரை ஊற்றினார். வெளிறித்தான் வந்தது. இன்னும் இரண்டு கரண்டி திணித்தார். பை அடைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக இறங்கியது. கோபம் வந்து பையை ஒதுக்கிவிட்டு, வேறு இலையைச் சட்டியில் கொட்டிக் கொதிக்கவிட்டார். இப்போது நிறம் வந்தது. வாயில் வைத்தால் வேப்பங்கொழுந்தை மென்றது போல இருந்தது.

சட்டியோடு சாக்கடையில் கவிழ்த்தார்.

கடையை ஒட்டிய வீட்டுக்குள் ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்த முத்துத்தாய் அந்தச் சத்தம் கேட்டு எழுந்து வந்தாள். செல்லூரில் பாதிப் பெண்கள் செய்கிற வேலை அது. கழி கழியாகக் கட்டி வரும் நூலைத் தறிக்கு ஏற்ற மாதிரி சின்னக் குழலில் சுற்றிக் கொடுக்க வேண்டும். அப்படிச் சுற்றிய ஒரு குழல்தான் ஒரு தார். வந்தவள், புருஷன் முதலில் போட்ட துணிப் பையை எடுத்துப் பிரித்து, இலையை விரலால் கிளறினாள்.

"ஏங்க, இங்க பாருங்க. நடுவுல உள்ளது அப்படியே சுருண்டு கெடக்கு."

"ரெண்டு தடவை வெந்நி ஊத்துனேனே."

"ஊத்துனா போதுமா? விரியுறதுக்கு எடம் வேணும்ல. பைக்குள்ள ஒண்ணு மேல ஒண்ணு நெருக்கிக்கிட்டு என்னத்தைக் கொடுக்கும் அது?"

"இருவது வருசமாப் போடுறேன் முத்துத்தாயி."

"தூளுதான இருவது வருசம்? இது வேற சாமானுங்க."

உள்ளேயிருந்து ஒச்சாயியின் குரல் வந்தது. "புருசன் கைக்கு அளவு சொல்லித்தர்ற பொண்டாட்டியை நான் இப்பத்தான் பாக்குறேன்."

முத்துத்தாய் பக்கத்து வீட்டு மாயக்காளிடம் போய், நூல் நிறுக்கிற சின்னத் தராசை வாங்கி வந்தாள். புருஷனின் அதே பித்தளைக் கரண்டியால் ஒரு தட்டில் தூள், இன்னொரு தட்டில் இலை. தூள் தட்டு பட்டென்று கீழே போனது. இலைத் தட்டு மேலே ஆடிக்கொண்டிருந்தது. இன்னொரு கரண்டி இலையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தாள். அந்தக் கரண்டி காலியாகிற நேரத்தில் இரண்டு தட்டும் சமமாக நின்றன.

"பாத்தீங்களா மதினி? நூலைத் தளர்வா அள்ளிப் போட்டா ஒரு கழியே கூடையை அடைக்கும். அதையே இறுக்கிச் சுத்துனா உள்ளங்கையில அடங்கிரும். எடை ஒண்ணுதான். இந்த இலையும் அப்படித்தான் புசுபுசுன்னு கெடக்கு. கரண்டி நெறஞ்சிருக்கேன்னு நாம ஏமாந்துர்றோம்."

ஒச்சாயி தராசை உற்றுப் பார்த்தாள். வெற்றிலைப் பையைத் திறந்தாள். ஒச்சாயி வாதத்தில் தோற்றால் வெற்றிலை போடுவாள் என்பது இந்தக் கதையைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான்.

நான் பெரிய பெரிய டீக்கடைகளில் உட்கார்ந்து எழுதுகிறவன். இந்தப் பெண்ணைப் போல ஒரு டீயை இவ்வளவு அக்கறையாக யோசித்த யாரையும் பார்த்ததில்லை. அவள் அதோடு விடவில்லை. மூடி உள்ள பாத்திரத்தில் நாலு கிளாஸ் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பை விட்டு இறக்கிய பிறகு நாலு கரண்டி இலையைப் போட்டு மூடினாள். கிளாஸுக்கு ஒரு கரண்டி. எவ்வளவு நேரம் விட வேண்டும்? வீட்டில் கடிகாரம் கிடையாது. ராட்டையில் போய் உட்கார்ந்தாள்.

பாதித் தார் சுற்றிவிட்டு வந்து பார்த்தாள். வாசனை வந்திருந்தது, சாரம் வரவில்லை. அடுத்த முறை இரண்டு தார் சுற்றிவிட்டு வந்தாள். தொண்டையைப் பிடித்தது. மூன்றாம் முறை சரியாக ஒரு தார். வடிகட்டிப் பாலைச் சேர்த்தபோது வெல்லப்பாகு மாதிரி ஒரு நிறம் வந்தது. கிளாஸைக் கொண்டுபோய்ப் புருஷனிடம் நீட்டினாள்.

வெள்ளைத்துரை குடித்தார். பாதியில் நிறுத்தினார். பிறகு மீதியையும் குடித்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். "ஆனா இது வீட்டு டீ. நாலு கிளாஸுக்குச் சரி. நாப்பது கிளாஸுக்கு மூடி வச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டு இருக்க முடியாது. அங்க எம் முறைதான்."

துணிப் பையை அலசிக் காயப் போட்டார். முத்துத்தாய் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மேலே பேசினால் மனுஷர் சாயங்காலம் போகவே மாட்டார் என்று அவளுக்குப் பயம்.

மத்தியானம் இரண்டு மணிக்கு மூவரும் கிளம்பினார்கள். ஒச்சாயியின் ஊருக்கும் அதே ரோடுதான் என்பதால் அவளும் மஞ்சள் பையோடு கூட வந்தாள். பெரியார் பஸ் ஸ்டாண்டில் மாறி, காளவாசலைத் தாண்டினார்கள். நாகமலை கண்ணுக்குத் தெரிந்ததும் ஒச்சாயி தம்பியின் தோளைத் தொட்டாள்.

"கிடைக்கலைன்னா அப்படியே என்கூட ஏறிரு. வீட்டுக்குத் திரும்பிப் போய் யோசிக்காத."

"பாப்பம்க்கா."

விடுதிச் சமையல்கட்டு புதுச் சுண்ணாம்பு வாசனையோடு இருந்தது. அழகம்மாள் டீச்சர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுகிறவர்.

"நேத்து மொக்கையன்னு ஒருத்தர் வந்து போட்டார். பஸ் ஸ்டாப்புல பெரிய கடை வச்சிருக்காராம். இலையைப் போட்டுக் கொதிக்க விட்டுட்டார். நாற்பது கிளாஸ்ல இருபத்திரண்டு பாதியோட திரும்பி வந்துச்சு. நான் ருசி பார்த்துத் தீர்ப்புச் சொல்ற ஆள் இல்லை. திரும்பி வர்ற கிளாஸைத்தான் பார்ப்பேன். நாலரைக்கு டீ வேணும்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பெரிய ஏனத்தில் தண்ணீர் காயத் தொடங்கியது. வெள்ளைத்துரை தேயிலை டப்பாவைத் திறந்தார். துணிப் பையை எடுத்து உதறினார். பித்தளைக் கரண்டியால் ஒன்று, இரண்டு, மூன்று என்று பைக்குள் போட்டார். ஏழாவது கரண்டியில் கை நின்றது.

பையில் பாதி அடைத்துவிட்டது. இன்னும் முப்பது கரண்டிக்கு மேல் போக வேண்டும். எங்கே போகும்? காலையில் பைக்குள் விரியாமல் சுருண்டு கிடந்த இலையை மனசில் பார்த்திருப்பார் போலிருக்கிறது. பிறகு பையிலிருந்த இலையைத் திரும்ப டப்பாவில் கொட்டினார். கரண்டியை மனைவியிடம் நீட்டினார்.

"நீ போடு."

"நானாங்க?"

"காலையில நீ போட்டதைத்தான் நான் மிச்சம் வைக்காமக் குடிச்சேன். போடு."

இந்த இடத்தில் எனக்கு வெள்ளைத்துரையை ரொம்பவே பிடித்துவிட்டது. கைத்தொழிலில் பேர் வாங்கிய ஒரு ஆம்பிளை, எல்லாவற்றையும் பணயம் வைத்த நாளில், தன் கரண்டியை இன்னொருத்தர் கையில் கொடுப்பது லேசான காரியம் இல்லை. அதுவும் அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது.

முத்துத்தாய் முந்தானையை இழுத்துச் செருகினாள். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் இருவருமாக ஏனத்தை இறக்கி வைத்தார்கள். அவள் போடத் தொடங்கினாள். ஒவ்வொரு கரண்டியும் ஒரே மட்டம். பத்து. இருபது. முப்பது. முப்பத்தைந்தில் நிறுத்திவிட்டாள்.

வெள்ளைத்துரை குனிந்து கேட்டார். "இன்னும் அஞ்சு இருக்கே?"

"பெரிய ஏனம்ங்க. இம்புட்டுத் தண்ணி சீக்கிரம் ஆறாது. சூடு நிக்க நிக்க இலை இன்னும் நல்லா எறங்கும். நாப்பதும் போட்டா கடுத்துரும்."

"வீட்டுல இம்புட்டுக்குப் போட்டுப் பாத்தியா?"

"இல்ல."

நாலு கிளாஸுக்குத்தான் அவள் சோதித்துப் பார்த்திருந்தாள். இந்த முப்பத்தைந்து அவளாக யோசித்துச் சொன்ன எண். தப்பாகப் போனால் திருத்த நேரம் இல்லை. வேண்டுமானால் ஐந்து கரண்டியைப் போட்டுவிடலாம், இன்னும் மூடவில்லை.

வெள்ளைத்துரை அவள் முகத்தைப் பார்த்தார். மூடியை எடுத்துத் தானே மூடினார்.

இங்கே ராட்டை இல்லை. முத்துத்தாய் ஏனத்தின் பக்கத்தில் நின்றாள். அவள் வலது கை இடுப்போரம் மெல்லச் சுற்ற ஆரம்பித்தது. காற்றில் ஒரு தார் சுற்றினாள். கண் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது, கை மட்டும் ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. ஒச்சாயி வெற்றிலையை மெல்ல மறந்து அந்தக் கையையே பார்த்தாள்.

கை நின்றது. "வடிங்க" என்றாள்.

அதற்குப் பிறகு வெள்ளைத்துரையின் நேரம். வெளுத்த துணியில் வடித்து, பாலும் சர்க்கரையும் சேர்த்து, இரண்டு குவளையை எடுத்து ஆற்றினார் பாருங்கள். ஒரு குவளை தலைக்கு மேலே, ஒன்று இடுப்புக்குக் கீழே. ஒரு சொட்டு வெளியே போகவில்லை. நாற்பது கிளாஸிலும் நுரை ஒரே அளவில் நின்றது. அவள் போட்டதை அவர் அழகாக்கினார். அந்த இருவரையும் அந்த நிமிஷத்தில் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

கிளாஸ்கள் உள்ளே போயின. காத்திருந்தார்கள். ஒச்சாயி ஏனத்தின் அடியில் மிஞ்சியிருந்ததை ஒரு கிளாஸ் கேட்டு வாங்கினாள். குடித்து முடித்து, காலிக் கிளாஸை முத்துத்தாயிடமே நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் இருக்காத்தா?"

இருபது வருஷக் குடும்பத்தில் ஒச்சாயி அவளிடம் எதையும் இரண்டாம் முறை கேட்டதில்லை.

ஐந்து மணிக்குத் தட்டுகள் திரும்பி வந்தன. அழகம்மாள் டீச்சர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு கிளாஸாகப் பார்த்தார். இரண்டில் மட்டும் மிச்சம் இருந்தது. அதில் ஒன்றில் ஈ விழுந்திருந்தது.

"யார் போட்டது?"

"எம் பொண்டாட்டிங்க" என்றார் வெள்ளைத்துரை. "நான் ஆத்துனதோட சரி."

"எத்தனை கரண்டிம்மா?"

"முப்பத்தஞ்சு டீச்சர்." ஏன் முப்பத்தைந்து, ஏன் நாற்பது இல்லை என்று சொன்னாள். தராசையும் சொன்னாள், தாரையும் சொன்னாள்.

டீச்சர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து கேட்டுவிட்டுச் சொன்னார். "நான் இருபத்தெட்டு வருஷம் சயின்ஸ் சொல்லிக்கொடுத்திருக்கேன். கொள்ளளவு வேற, எடை வேறன்னு போர்டுல எழுதிப் போட்டுத் தொண்டை வத்துனதுதான் மிச்சம். இவ்வளவு தெளிவா ஒரு பிள்ளையும் எனக்குத் திருப்பிச் சொன்னதில்லை. வேலை உங்களுக்குத்தான்."

முத்துத்தாய் புருஷனைப் பார்த்தாள். இருபது வருஷத்தில் அவர் முகத்தில் இப்படி ஒரு சிரிப்பை அவள் பார்த்ததில்லை.

"ஒரு விஷயம்" என்றார் டீச்சர். "முதல் டீ விடியக்காலை அஞ்சு மணிக்கு வேணும். கடைசி டீ ராத்திரி எட்டு மணிக்கு. சமையல்கட்டுக்குப் பின்னால ஒரு ரூம் இருக்கு. நீங்க அங்கேயே தங்கிக்கணும். பொம்பளைப் பிள்ளைங்க இருக்கிற இடம். ஆம்பிளைங்க யாரும் சாயங்காலம் ஆறுலேருந்து காலையில ஏழு வரைக்கும் காம்பவுண்டுக்குள்ள இருக்கக் கூடாது."

"நாங்க ரெண்டு பேருமாத்தான் வந்தோம் டீச்சர்."

"தெரியும்மா. அன்னைக்கு அவர் வந்தப்ப, பகல்ல சாமான் வாங்கவும் ஆத்தவும் ஒரு ஆள் இருந்தா நல்லதுதான்னு நினைச்சேன். கமிட்டியில அதுவும் வேண்டாம்னுட்டாங்க. வேலை ஒரு ஆளுக்குத்தான், அதுவும் பொம்பளை ஆளுக்கு. இந்த விதி நான் போட்டது இல்லை. மொக்கையன் அவர் சம்சாரத்தை அனுப்பறேன்னு சொல்லியிருக்கார். அதனால இன்னைக்கே எனக்குச் சொல்லிட்டா நல்லது."

வெள்ளைத்துரைதான் பேசினார்.

"எப்பருந்து வரணும்னு கேளு முத்துத்தாயி."

"ஏங்க..."

"அவ வருவாங்க டீச்சர். ஒண்ணாந்தேதி வந்துருவா."

மூவரும் ரோட்டுக்கு வந்தார்கள். டீயைக் குடித்துவிட்டு முன்னாலேயே கேட்டுக்குப் போய் நின்றிருந்த ஒச்சாயிக்கு உள்ளே நடந்த பேச்சு காதில் விழவில்லை.

"என்னப்பா, கிடைச்சிருச்சா?"

"கிடைச்சிருச்சுக்கா. முத்துத்தாய்க்குக் கிடைச்சிருக்கு." அவர் குரலில் பெருமை இருந்தது. பொய்யான பெருமை இல்லை. "அந்த டீச்சரம்மா அசந்துபோச்சு. நாப்பது பேருக்கு எம்புட்டு எலைன்னு மனசுலேயே கணக்குப் போட்டுச் சொன்னா இவ, அக்கா. எனக்கு வராது அது."

"அப்ப நீ?"

மேற்கே போகிற செக்கானூரணி பஸ் திருப்பத்தில் தெரிந்தது. வெள்ளைத்துரை அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான் உன்கூட வாரேன்க்கா. வயலுக்கு."

பெஞ்சில் இருக்கிறவனுக்கு ஒரு கிளாஸ் டீயை எட்டி நீட்டுவது போல, சாதாரணமாகத்தான் சொன்னார். மூன்று நாளாக இந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்த ஒச்சாயி, கேட்டதும் சந்தோஷப்பட முடியாமல் தம்பியையும் முத்துத்தாயையும் மாறி மாறிப் பார்த்தாள். தன் புருஷன் சொன்ன சொல் அவளுக்கும் மறந்திருக்கவில்லை.

பஸ் வந்து நின்றது. ஒச்சாயி ஏறினாள். பின்னால் ஏறப்போன வெள்ளைத்துரை, "நீ எதிர்ப் பஸ்ஸுல ஏறி வீட்டுக்குப் போ. நான் காலையில வந்து கடையை ஒதுங்க வைக்கிறேன்" என்று சொல்லத் திரும்பினார்.

முத்துத்தாய் அங்கே இல்லை. ரோட்டோரமாக விடுவிடுவென்று விடுதி கேட்டைப் பார்த்துத் திரும்பி நடந்துகொண்டிருந்தாள். கூப்பிட்டார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. புருஷன் அந்த வரப்பில் ஏறுவதாக இருந்தால் இந்த வேலையே வேண்டாம் என்று டீச்சரிடம் சொல்லத்தான் போகிறாள் போல.

"ஏறுறீங்களா, இல்லையாண்ணே?" என்று விசிலை வாயில் வைத்துக்கொண்டு கண்டக்டர் கேட்டார்.

வெள்ளைத்துரை ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக நின்றார்.